பால்மா டின்னில் பேய்கள்

பேயைப் பிடித்துப் புளியமரத்தில் ஆணி அடித்தவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். போத்தலில் அடைத்து ஆற்றில் விட்டவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் பேயைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, சுருட்டி, நூல் கட்டி, பால்மா டின்னில் இட்டு, டின்னின் மேல் பெயரும் எழுதி அலுமாரியில் அடுக்கிவைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் ஹட்டனில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார். சென்ற மாசி மாதம் காலமானார்.

ஊர் அவரைக் கத்திரி என்று அழைத்தது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அது தபால்காரருக்குக்கூடத் தெரியாது. அவருக்குக் கடிதம் வந்ததே இல்லை. எங்கள் ஊர்ப் படமாளிகையில் அவர் ஒப்பரேட்டர். மாடியில், சுவரில் இரண்டு சதுர ஓட்டைகள் கொண்ட ஒரு சூடான அறையில் நின்று படம் ஓட்டுவதே அவருடைய தொழில். படத்தைக் குறைப்பது அவருடைய தொழிலில் சேர்ந்ததல்ல. அதை அவர் தர்மமாகச் செய்தார்.

வெளிநாட்டுப் பேய்ப் படங்கள் ஹட்டனுக்கு வந்து சேரும்போது ஏற்கெனவே அரை உயிரோடுதான் வரும். முத்தம், மார்பு, நெஞ்சில் இறங்கும் கூர்மரம் ஆகியவற்றைக் கொழும்பில் தணிக்கைக்காரர்கள் எடுத்துவிடுவார்கள். எஞ்சிய உயிரைக் கத்திரி எடுத்தார். படப்பெட்டி காலை ரயிலில் வந்து இறங்கியதும், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். அவர் வெளியே வரும்போது சட்டைப் பையில் இரண்டோ மூன்றோ சுருள்கள் இருக்கும்.

பகலெல்லாம் சவப்பெட்டிக்குள் உறங்கி, இருட்டியதும் எழுந்து இரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை வந்தது. பெட்டி மண்ணுக்குள் இருந்ததால் பெட்டி வரும் இடமெல்லாம் போயிற்று. அந்தப் பிரபு எங்கே உறங்குகிறார் என்பது ஹட்டன் மக்களுக்குக் கடைசிவரை தெரியாது. இரவுதோறும் நல்ல உடையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்வரும் ஒரு பெரிய மனிதர் என்றே பலர் அவரைப் புரிந்துகொண்டார்கள். வேறொரு படத்தில், மயானத்தைத் தோண்டிப் பிணத்தை எடுத்து உயிர் கொடுக்கிறார் ஒரு வைத்தியர். எங்கள் ஊரில் அந்த வைத்தியர் மண்வெட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். அடுத்த கணம் அவருடைய வரவேற்பறையில் ஏழடி உயரத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"யாருடா அவன்?" என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"தோட்ட வேலைக்கு ஆளெடுக்கப் போனாருல்ல? கூட்டிக்கிட்டு வந்துட்டாரு," என்றது மற்றொரு குரல்.

படமாளிகை முதலாளி ஒரு ஹாஜியார். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதவர். அன்று அவர் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"கத்திரி, ஆக்கள் எங்கட்ட வாரதே பயப்படத்தான். நீங்க பயத்த வெட்டி சட்டப்பையில போட்டுக்கிட்டா நான் என்னத்தக் காட்டுறது?"

"பயமெல்லாம் அப்பிடியே இருக்குங்க முதலாளி. பல்லு இருக்கு, ரத்தம் இருக்கு, தலைய விரிச்சுப்போட்ட பொம்பள இருக்கா. அட்டை கடிக்கிற ஊர்ல ரத்தத்துக்கு யாரு பயப்படப் போறாங்கன்னு, அதுல ஒரு அங்குலம்கூட நான் தொடலிங்க."

"அப்ப வெட்டினது என்ன?"

"மண்ணு மட்டுந்தாங்க."

ஹாஜியார் படியிறங்கிப் போய்விட்டார். அவருக்கு விஷயம் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேலி செய்வது எங்கள் ஊரின் சுபாவம்.

வெட்டிய துண்டு ஒன்றையும் கத்திரி எறிந்ததில்லை. அலுமாரியில் நாற்பதுக்குக் குறையாத டின்கள் இருந்தன. 'கை', 'பெட்டி மூடி', 'குழி', 'குழி – மழையோடு' என்று அழகான கையெழுத்தில் தலைப்புகள். மாதம் ஒருமுறை, ஈரமில்லாத ஒரு காலைப்பொழுதில், எல்லா டின்களையும் திறப்பார். மலைநாட்டின் ஈரத்தில் படச்சுருளில் பூஞ்சணம் பிடிக்கும். மூடியே வைத்திருந்தால் புளித்த நாற்றம் எடுத்துத் தானே தன்னைத் தின்னும். ஆகவே வீட்டின் பின்தாழ்வாரத்தில், வெயில் படாத நிழலில், துணிக்கொடி கட்டி, துணிக்கிளிப்பு மாட்டி, ஒவ்வொரு துண்டாகத் தொங்கவிடுவார்.

"கத்திரி அண்ணே பேய் காயப்போட்டிருக்காரு, புள்ளைங்கள உள்ள கூப்பிடுங்க!" என்று பக்கத்து வீட்டில் சத்தம் போடுவார்கள்.

"காயப்போடலம்மா. காத்துக் குடுக்கிறேன்," என்பார் அவர், கிளிப்பு ஒன்றை வாயில் கவ்வியபடி.

இனி, இது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வராது.

நான் பள்ளிச் சிறுமியாக இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் தமிழில் பேய்ப் படம் எடுக்க வந்தது. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பூட்டிக்கிடந்த துரை பங்களா அவர்களுக்குப் பிடித்துவிட்டது. படத்துக்கு ஒரு பெயர் இருந்தது. இங்கே எல்லாரும் அதை 'நம்ம பேய்ப் படம்' என்றுதான் சொல்வார்கள். கதாநாயகி இறந்து புதைக்கப்பட்டு, குழியிலிருந்து எழுந்து வரவேண்டிய இடத்தில், அந்த நடிகை குழிக்குள் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். குழியில் ஈரம், ஈரத்தில் அட்டை. மண் அப்பிய முகத்தில் வித்தியாசம் தெரியாது, அவருக்குப் பதிலாகப் படுத்து எழ உடல்வாகு ஒத்த ஒரு பெண் வேண்டும் என்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டார்கள். எல்லாரும் வெட்கப்பட்டு ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்தபோது, செல்லம்மா என்ற பெண் கூடையை இறக்கி வைத்தாளாம்.

"மலையேறிக் கொழுந்து எடுக்கிறதுக்கு, பொணமாப் படுத்துக் கெடக்கிறது சொகம்தானே. நான் வாறேங்க."

பங்குனியில் படம் பிடித்தார்கள். ஆனியில் மலை இறங்கியது.

மூன்று நாள் விடாமல் பெய்த மழை. விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலைப் பெயர் கொடுக்க, ஆட்கள் புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பு, மேற்பக்கச் சரிவு அப்படியே நழுவி வந்து கீழே ஆட்கள் குடியிருந்த லயத்தை மூடியது. செல்லம்மா அந்த லயத்தில்தான் இருந்தாள். கணவனும் கைக்குழந்தையும் உடன் இருந்தார்கள். மூத்த மகள் புஷ்பம் மட்டும் காய்ச்சல் என்று பக்கத்துத் தோட்டத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். அவளுக்கு வயது ஆறு. ஹட்டனிலிருந்து ஆண்கள் மண்வெட்டிகளோடு போனார்கள். அவர்களோடு இளம் ஒப்பரேட்டரும் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். எதையும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலைக் காட்சியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ரீல் மாற்ற மறந்துபோனார். திரை வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கீழே ஒருவரும் விசிலடிக்கவில்லை.

ஐப்பசியில் படம் ஹட்டனுக்கு வந்தது. தோட்டத்திலிருந்து இரண்டு லொறி நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கதை பார்க்க வரவில்லை. செல்லம்மாவைப் பார்க்க வந்தார்கள். அம்மன் படத்துக்கு வருவதுபோல் குளித்து, நல்ல சேலை உடுத்து வந்தார்கள். திரையில் அவள் முகம் தெரிந்ததும் ஏற்றுவதற்காக ஒரு மூதாட்டி முந்தானையில் கற்பூரம் முடிந்து வைத்திருந்தாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவோடு இருந்த என் வரிசைக்கு முன்வரிசையில், சித்தியின் மடியில் புஷ்பம் இருந்தாள்.

படம் ஓடியது. மூடுபனி, பங்களா, குழி, குழியின் மேல் மண். அடுத்த நொடி கதாநாயகன் வீதியில் ஓடிக்கொண்டிருந்தான்.

"எங்கடா செல்லம்மா?" என்று ஒருவர் எழுந்தார். "எங்க புள்ளய எங்கடா?" என்று பத்துப் பேர் எழுந்தார்கள். உட்காரும் வாங்குகள் இரண்டு உடைந்தன. கதவை உடைத்து மாடிக்குப் போகப் பார்த்தவர்களை ஹாஜியார் கைகூப்பித் தடுத்து நிறுத்தினார். கத்திரி என்ற பெயர் அந்தப் பிற்பகலில் பிறந்தது. அது அன்று வசவாகப் பிறந்தது.

எனக்கு வாங்கு உடைந்த சத்தம் அவ்வளவு நினைவில்லை. படம் முடிந்து, விளக்குகள் எரிந்து, கூட்டம் வெளியேறிய பிறகும் அந்தக் குழந்தை எழுந்திருக்க மறுத்ததுதான் நினைவிருக்கிறது.

"வா புள்ள, லொறி போயிரும்."

"அம்மா இன்னும் வரலியே சித்தி."

"முடிஞ்சிருச்சும்மா."

"அம்மா வந்தப்புறம்தானே முடியும்?"

நான் திரும்பி மேலே பார்த்தேன். சுவரின் சதுர ஓட்டையில் ஒரு முகம் இருந்தது. அதுவும் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் அந்தத் துண்டைத் திரும்ப ஒட்டியிருக்கலாம். பசை இருந்தது, கருவி இருந்தது, ஐந்து நிமிட வேலை. ஒட்டவில்லை. மாறாக, அன்றிலிருந்து வந்த எந்தப் படத்திலும் மண்ணிலிருந்து எதையும் எழவிடவில்லை. செய்த பிழையைத் திருத்த முடியாதவர்கள் சிலர், அதைக் கொள்கையாக மாற்றிக்கொண்டுவிடுகிறார்கள்.

வருஷங்கள் ஓடின. பிற்பாடு வந்த கலவரத்தில், கொழும்பில் இருந்த அந்தப் படத்தின் பிரதிகள் யாவும் எரிந்தன. இரண்டாம் சுற்றுக்காக ஹட்டனுக்குத் திரும்பி வந்திருந்த அதே பழைய பிரதி மட்டும், பாதை அடைபட்டதால் திரும்பிப் போகாமல் தப்பியது. படமாளிகையை மூடித் துணிக்கடை ஆக்கியபோது கத்திரி அந்தப் பெட்டிகளைத் தன் வீட்டுக்குச் சுமந்து வந்தார். நான் ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றேன். அவர் காலையில் என் பத்திரிகையை இரவல் வாங்கிப்போய், மாலையில் மடிப்புக் கலையாமல் திருப்பித் தருவார். ஒரே ஒரு தடவை, மண்சரிவுச் செய்தி இருந்த பக்கம் இல்லாமல் திரும்பி வந்தது. நான் கேட்கவில்லை.

மூன்று வருஷங்களுக்கு முன் சாமலி என்ற இளம்பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். சிதைந்துபோன பழைய படங்களை ஒவ்வொரு படச்சட்டமாகக் கணினியில் ஏற்றி, கீறலும் கறையும் நீக்கி மீட்டெடுப்பது அவளுடைய வேலை. 'நம்ம பேய்ப் பட'த்தின் ஒரே பிரதியை அவள் கேட்டவுடன் கத்திரி கொடுத்துவிட்டார். ஆனால் நான்காவது ரீலில் ஒரு தாவல் இருந்தது. நாற்பது செக்கன் காணவில்லை. அதைக் கேட்டால், "எங்கிட்ட இல்ல" என்கிறாராம். நான் வந்து பேசிப் பார்க்க வேண்டும் என்றாள். சிங்களப் பெண், தமிழை வகுப்பில் கற்றவள்.

"ஐயா, தயவுசெய்து அந்தத் துண்டு எங்கே இருக்கின்றது என்பதை எனக்குக் கூறுங்கள்," என்று, நாங்கள் கத்திரி வீட்டுக்குப் போனதும் கேட்டாள் அவள்.

கத்திரி என்னைப் பார்த்தார். "என்னா டீச்சர், இந்தப் புள்ள ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுது!" பிறகு அவளிடம் திரும்பி, "இந்தா பாரு மகள், அந்த அலுமாரியில உள்ள பேயி பூராவும் எடுத்துக்க. வெள்ளக்காரன் பேய வெள்ளக்காரன்கிட்டயே குடுத்துரு. நீ கேக்கிறது மட்டும் எங்கிட்ட இல்ல."

அவள் ஒரு டின்னைத் திறந்து, சுருளின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அடுத்த டின். அதன் பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அந்தச் சவப்பெட்டிப் பிரபு எழும் காட்சி, படத்தின் சொந்த நாட்டிலேயே வெட்டி எரிக்கப்பட்டு, பல வருஷங்களாக ஆட்கள் தேடியலையும் காட்சி என்று எனக்கு விளக்கினாள். வெளிநாடுகளுக்கு அனுப்பிய பிரதிகளில் மட்டும் அது இருந்திருக்கிறது. அவற்றில் ஒன்று ஹட்டனுக்கு வந்திருக்கிறது.

"யாரும் பார்க்கக் கூடாது என்று வெட்டினீர்கள். ஆனால் ஏன் இவ்வளவு கவனமாகக் காப்பாற்றினீர்கள், ஐயா?"

"எறிஞ்சா அது எங்கயாவது போய்ப் பொதைஞ்சிரும்ல," என்றார் கத்திரி.

அடுத்த மாதம் சாமலி தனியாக வரவில்லை. அவளோடு, தலையில் பாதி நரைத்த ஒரு பெண் வந்தாள். குடையைச் சுருக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். வட்டவளையில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற புஷ்பம். சாமலி அவளை அறிமுகப்படுத்தும் முன்பே கத்திரி அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். தேநீர் போட எழுந்தவர், கேத்தலை அடுப்பில் வைத்தார், அடுப்பை மூட்டவில்லை.

புஷ்பம் அலுமாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"எங்கம்மா இதுல எந்த டின்னுல இருக்காங்கய்யா?"

அவர் கேத்தலின் மூடியைத் திறந்து மூடினார்.

"எங்கிட்ட அம்மா படம் ஒண்ணும் இல்லிங்க. அவங்க காலத்துல நமக்குப் பிரஜாவுரிமையே இல்ல. அடையாள அட்டையும் இல்ல, அதுல ஒட்டுற படமும் இல்ல. லயத்துல இருந்தது லயத்தோட போயிருச்சு. கண்ணாடியப் பாரு, ஒங்கம்மா மாதிரியே இருக்கேன்னு சித்தி சொல்லும். அம்மா போனது முப்பது வயசுல. எனக்கு அம்பத்தஞ்சு தாண்டிருச்சு. இப்ப கண்ணாடியில பாத்தா அம்மாவோட அம்மாதான் தெரியிறாங்க."

"அத நீ பாக்கக் கூடாதுத்தா," என்றார் கத்திரி. "மண்ணுக்குள்ள இருந்து எந்திரிச்சு வர்ற மாதிரி எடுத்திருக்கானுங்க."

"மண்ணுக்குள்ள போனதத்தான் ஆறு வயசுலயிருந்து கேட்டுக்கிட்டு வர்றேன். வெளிய வர்றத எனக்கு ஒருத்தரும் காட்டலியேய்யா."

பிறகு அவர், அந்த மூன்று நாட்களைப் பற்றி, நான் அறிந்தவரை அந்த ஒரே தடவை பேசினார். சுருக்கமாகத்தான். மூன்றாம் நாள் காலை அவருடைய மண்வெட்டி நின்ற இடத்தில் ஒரு கை இருந்தது. வளையலை வைத்துச் செல்லம்மா என்று தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு விரல்களால் தோண்டினார்கள். நான்கு மாதம் கழித்து, பூட்டிய அறையில் தனியாக ரீல் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அதே மண் மறுபடி அசைந்தது.

"புள்ள பயந்துரும்னு வெட்டினேன்னு இத்தன வருசமாச் சொல்லிக்கிட்டேன். புள்ளைக்காக இல்லத்தா. என்னால பாக்க முடியல."

அலுமாரியில் இல்லாத ஒரு டின்னை அவர் சாமி மாடத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தார். மற்ற டின்களில் இருந்த வகைப்பாடு எதுவும் இதில் இல்லை. 'செல்லம்மா. கவனம்' என்று மட்டும் எழுதியிருந்தது. சாமலி மூடியைத் திறந்து முகர்ந்தாள். புளித்த வாடை துளியும் இல்லை. மாதந்தோறும் காற்றில் தொங்கவிட்டதால்தான் இது பிழைத்தது என்று, செய்தி வாசிக்கும் தமிழில் புஷ்பத்துக்கு எடுத்துச் சொன்னாள்.

புஷ்பம் டின்னை இரண்டு கைகளாலும் வாங்கினாள். "மூச்சு முட்டிச் செத்தவங்களுக்கு மாசா மாசம் காத்துக் காட்டியிருக்கீங்க," என்றாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். அடுத்ததாக அவள் சொன்னது: "ஆனா எனக்குத் தராம வச்சிருந்தீங்களே, அது பெரிய பாவங்கய்யா."

"ஆமாத்தா," என்றார் கத்திரி.

மீட்ட படத்தைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டினார்கள். ஜன்னல்களைக் கம்பளிகளால் மறைத்தார்கள். கத்திரி ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: புரொஜெக்டரின் பக்கத்தில் தான் நிற்க வேண்டும். அந்தச் சிறிய வெள்ளைப் பெட்டியை, பேரப்பிள்ளைக்கு வரன் பார்க்க வந்தவர்போல் சுற்றிச் சுற்றி வந்தார். "ரீலு எங்க மகள்?" என்றார். ரீல் இல்லை என்று சாமலி சொன்னாள். "அப்ப வெட்டணும்னா?" என்றார். அவள் விளக்கை அணைத்தாள்.

என் காதருகே குனிந்து அவர் இரகசியமாகச் சொன்னார்: "டீச்சர், புள்ள அழுதா நான் கைய வச்சு மறைச்சிருவேன். நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

மூடுபனி வந்தது. பங்களா வந்தது. குழி வந்தது. குழியின் மேல் மண், அவ்வளவு துல்லியமாக, ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாகத் தெரிந்தது. கத்திரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அழுகைக்குக் காத்திராமலே அவருடைய கை வெளிச்சத்துக்குள் போயிற்று. திரையில், அந்தக் குழிக்குள்ளிருந்து, ஐந்து விரல்களும் விரிந்த ஒரு பிரமாண்டமான கரிய கை எழுந்தது.

மண்டபம் அலறியது. சுமார் ஐம்பது வருஷமாகப் பேய்ப் படங்களின் பயத்தை டின்னில் அடைத்து வைத்திருந்த மனிதர், அன்று ஒரே கணத்தில் ஊரையே கதிகலங்க வைத்தார். ஒருவர் செருப்பை விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

"கைய எடுங்கய்யா, மறைக்குது!" என்று முன்னாலிருந்து புஷ்பம் கத்தினாள். சாமலி படத்தை நிறுத்தினாள். புஷ்பம் எழுந்து வந்து, அவருடைய கையை வெளிச்சத்திலிருந்து எடுத்து, அவரை அழைத்துப்போய் முதல் வாங்கில் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். நான் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கத்திரி கண்களை இறுக மூடியிருந்தார்.

படம் மறுபடி ஓடியது.

"மண்ணு அசையுது," என்று புஷ்பம் அவருக்கு மெல்லச் சொன்னாள். "கை வருது. வளையல் போட்ட கைதான்யா. பயப்படாதீங்க. இப்ப எந்திரிக்கிறாங்க. வெள்ளச் சீல. தலையெல்லாம் மண்ணு. மொகம் இன்னும் தெரியல, முடி மறைக்குது..."

அப்போது அவள் பேச்சு நின்றது.

திரையில் செல்லம்மா நிமிர்ந்து நின்றாள். முடியை விலக்கி, பயங்கரமாக விழித்துப் பார்க்க வேண்டிய இடம் அது. ஆனால் எங்கோ எதையோ கேட்டவள்போல் தலையைத் திருப்பினாள். அவளுடைய வலக்கை தானாக உயர்ந்து, உச்சந்தலையில் இல்லாத ஒரு கூடைக் கயிற்றைச் சரிசெய்தது. கயிறு இல்லை என்பது கைக்குத் தெரிந்த அந்த நொடியில், தான் இப்போது பேய் என்பதும் நினைவுக்கு வந்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடங்கவில்லை.

"கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதிருச்சு!" என்று பின்வரிசையில் ஒரு முதிய பெண் எழுந்து நின்று கத்தினாள். "நான் அங்கதான் நின்னேன்! சங்குச் சத்தம் கேட்டதும் கூடையத் தூக்கப் போயிட்டா! ஒரே ஒரு வெள்ளச் சீலதான் கொண்டாந்திருந்தாங்க, அது சேறாகிப்போச்சு, மறுக்கா எடுக்க முடியலன்னு படம் புடிச்ச ஆளு தலையில அடிச்சுக்கிட்டாரு!"

மண்டபம் முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணத் தொறங்கய்யா," என்றாள் புஷ்பம். "எங்கம்மா சிரிக்கிறாங்க."

அவர் திறந்தார். நான்கைந்து செக்கன்தான் மீதியிருந்தது. அவர் முகத்தில் திரையின் வெளிச்சம் மட்டும் அசைந்தது. "இன்னொருக்கா போடச் சொல்லுங்க," என்று புஷ்பம் சாமலியிடம் கேட்டாள். அந்த நாற்பது செக்கனை அன்று ஒன்பது தடவை போட்டார்கள். மீதிப் படத்தைப் பார்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் அவரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். வெளியே தூறல். மலைகளைப் பார்க்காமல் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அந்தப் புள்ள பாத்தது நல்லதுதான். ஆனா அவ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு செக்கன் வெறும் மண்ணு தெரியுது. அத மட்டும் வெட்டிரச் சொல்லலாமா?"

வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவருடைய கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். ஹட்டன் வரும்வரை அதை நான் விடவில்லை.